குடியை வெல்ல ஒரு கூட்டம்

(பொன்விழாக் குடும்பக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



கோயில் வளர்ந்த வரலாற்றைப் பேச மூத்தவர்கள் இருக்கிறார்கள். நாமோ, நம் வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற ஒரு துன்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது குடி.

தவக்காலம் நாற்பது நாளும் மதுவைத் தொடாத மனிதர் நம் பங்கில் உண்டு. பாஸ்காத் திருப்பலி முடிந்ததும் அவரைக் கடைத்தெருவில் தேட வேண்டியிருக்கிறது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய், மாதா முன் சத்தியம் செய்து, திரும்பும் வழியிலேயே முறித்தவரும் உண்டு. இவர்களைப் பொய்யர் என்று தீர்ப்பிடுவது எளிது. ஆனால் சத்தியம் செய்த வேளையில் அவர்கள் சொன்னது மெய்யே. குடி ஓர் எல்லையைத் தாண்டினால் நோயாகிவிடுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே இதை நோயென ஏற்றுக்கொண்டது.

இந்த நோயாளிகள் தாங்களே கண்ட வழி ஒன்று உண்டு. 1935 மே மாதம், பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்குச் சந்தைக்காரர், போன காரியம் தோற்று, ஆக்ரன் நகரத்து ஓட்டலில் தனியே நின்றார். குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடம். மறுபக்கம் தொலைபேசியும் கோயில்களின் பட்டியலும். இன்னொரு குடிநோயாளியோடு பேசினாலன்றித் தப்ப முடியாதென்று கண்டு, போதகர் ஒருவரை அழைத்தார். அதன் பயனாகச் சந்தித்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் போதும் என்று வந்த மருத்துவர், இரவு வெகுநேரம் வரை எழுந்திருக்கவில்லை. காரணம், பில் புத்தி சொல்லவில்லை. தம் கதையைச் சொன்னார். மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10-ஐயே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ., தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

நம் திருச்சபையின் மக்களும் இதில் கைகொடுத்தனர். குடிகாரருக்கு மருத்துவமனைகள் படுக்கை மறுத்த காலத்தில், 1939-இல், அதே ஆக்ரனில் புனித தோமையார் மருத்துவமனையில் இக்னேஷியா என்னும் கன்னியர், டாக்டர் பாபுடன் சேர்ந்து அவர்களைச் சேர்த்துக்கொண்டார். எட்வர்ட் டௌலிங் என்ற சேசு சபைக் குரு, ஏ.ஏ.யின் பன்னிரு படிகளில் இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளின் சாயலைக் கண்டு, 1940-இல் பில்லைத் தேடிப் போனார். பில்லோ, பிற்காலத்தில் ஆயரான புல்டன் ஷீனிடம் ஞானோபதேசம் கேட்டும் கத்தோலிக்கராகவில்லை. அதற்காக நாம் வருந்தலாம். அவர் கண்ட வழியைத் தள்ள வேண்டியதில்லை.

"பாவசங்கீர்த்தனம் இருக்க இது எதற்கு, சாமி?" என்று கேட்கிறார்கள். டைபாய்டு காய்ச்சல் வந்தவனுக்குப் பாவமன்னிப்பும் வேண்டும், மருந்தும் வேண்டும். மேலும், காலையில் கை நடுங்கித் தம்ளரைப் பிடிக்க முடியாமல் தவித்த மனிதன் சொல்வது இன்னொரு குடிநோயாளியின் காதில் ஏறுகிறது. நம் பிரசங்கம் அவ்வளவாக ஏறுவதில்லை. இதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. 2020-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு 27 ஆய்வுகளை அலசி, முறையாக ஏ.ஏ.யில் சேர்க்கப்பட்டவர்கள் குடியை முற்றிலும் விட்டிருப்பதில் மற்றச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைந்தவர்களல்லர், பலவேளை மேலானவர்கள் என்று கண்டது.

ஒரு எச்சரிக்கை. பல ஆண்டு நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் மருத்துவர். குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் கேட்டால், அருகில் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். இப்போது கைப்பேசி வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன.

கூட்டத்தில் பயப்பட ஒன்றுமில்லை. சேருவதற்குக் கட்டணமில்லை; குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. சாதி, மதம் கேட்பதில்லை. முதல் நாள் பேசவேண்டும் என்ற கட்டாயமில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாலும் போதும். திறந்த கூட்டத்துக்கு மனைவியும் நண்பரும் போகலாம்; மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். ஒரு கூட்டம் மனத்துக்கு ஒட்டவில்லையென்றால் வேறொன்றுக்குப் போங்கள். ஒரே பூசையில் எல்லோருக்கும் பக்தி வருவதில்லையே! இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமலிருப்பதே அவர்கள் கணக்கு. தவறி விழுந்தவரும் மறுவாரம் வரலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை.

அம்மாமாரே, உங்களுக்கும் ஒரு சொல். பாட்டிலைத் தேடி உடைப்பதும், வேலைக்கு வராததற்கு அவருக்காகப் பொய் சொல்லி அனுப்புவதும் நோயைத் தீர்க்கவில்லை என்பதை நம்மைவிட நீங்களே அறிவீர்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென 1951 முதல் அல்-அனான் என்ற கூட்டம் இருக்கிறது. அவர் குடியை நிறுத்தும்வரை காத்திராமல் நீங்கள் முதலில் போகலாம். அடி வாங்கும் வீடாக இருந்தால், கூட்டத்துக்கும் முன்னே பாதுகாப்பான இடம் வேண்டும். எந்த நேரமானாலும் பங்கு இல்லத்தின் மணியை அடியுங்கள்.

மற்ற அனைவருக்கும்: கூட்டத்துக்குள் நுழையும் ஒருவரைக் கண்டால், கண்டதை அங்கேயே விட்டுவிடுங்கள். டீக்கடையில் ஒரு வார்த்தை கசிந்தால் அவர் மறுபடி அந்தப் படி ஏறமாட்டார். திருவிழாத் தேர் இழுக்கும் இளைஞருக்குச் "சும்மா ஒரு ரவுண்டு" வாங்கிக் கொடுக்கும் பெரியவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என நம்புகிறோம்.

நமது பள்ளியின் பின்புற வகுப்பறையை வாரம் ஒரு மாலை இவர்களுக்குக் கொடுப்பது பற்றி வரும் பங்குப் பேரவையில் முடிவெடுக்க இருக்கிறோம். இலவசமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். தங்கள் செலவைத் தாங்களே தாங்குவது அவர்கள் மரபு. சிறு வாடகை வாங்கி ரசீது கொடுத்துவிடுவோம். பின்வாசல் விளக்கு மட்டும் எரியாமல் கிடக்கிறது. அதை மாற்றித் தர மனமுள்ளவர் பங்கு அலுவலகத்தில் சொல்லவும்.