கிராவல் குழியில் நீர்த்தேக்கம்

சங்க அங்கத்தினர்களே! கிராவல் எடுத்த குழியில் மழைநீரை விட்டால் தங்கிவிடுமென்று எண்ணலாகாது. 2017-ம் வருஷத்து வறட்சியில் சென்னைக்கு உதவிய சிக்கராயபுரத்துக் குழிகள் பாறையில் வெட்டியவை. சரளையோ நீரைக் கசிய விடும்.

அமெரிக்காவில் டென்வர் நகரத்தார் சவுத் பிளாட் நதிக்கரைச் சரளைக் குழிகளையே நீர்த்தேக்கங்களாக்கியுள்ளனர். குழியைச் சுற்றி, அடியிலுள்ள கெட்டிப் பாறைவரையில் ஒடுங்கிய அகழி வெட்டி, பெண்டோனைட் என்னும் களியை மண்ணுடன் குழைத்து நிரப்புவர். அதுவே நிலத்தடிச் சுவர். பிறகு உள்ளே ஊறிய நீரை இறைத்துவிட்டு, நதிநீரைச் சேமிப்பர்.

சுவரில்லாத குழியிலோ நிலத்தடி நீர் வெயிலில் ஆவியாகிக் கீழ்மடைக்காரர் பங்கு குறையும். 1980-க்குப் பின் தோண்டிய குழியானால் அந்நஷ்டத்தை நதிக்கு ஈடுசெய்ய வேண்டுமென்பது கொலராடோ சட்டம். மடை வழக்குகளில் அலைந்த நமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

ஆகவே, சங்கப் பணத்தை ஒதுக்குமுன், குழியோரம் துளையிட்டு, நீர் புகாத அடித்தட்டு எத்தனை அடி ஆழத்திலுள்ளதென்று பார்த்துத் தீர்மானத்தில் எழுதுங்கள்.