அக்கிலா வீட்டில் ஓர் இடம்



பவுல் கொரிந்து நகருக்குத் தனியாக வந்தார். சீலாவும் திமொத்தேயுவும் இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு முன் ஏதென்சில் அவர் பேசியதைக் கேட்டுச் சிலர் கேலி செய்திருந்தார்கள். கொரிந்தில் கால் வைத்தபோது தமக்குப் பலமே இல்லை, பயந்து நடுங்கிக்கொண்டுதான் வந்தேன் என்று பின்னாளில் அவரே அந்த மக்களுக்கு மறைக்காமல் எழுதினார். எதற்கும் அஞ்சாத பவுலுக்கே அந்த நிலை. அப்படியானால், ஜார்க்கண்டிலிருந்து முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே வந்து சென்னை சென்ட்ரலில் இறங்கும் பத்தொன்பது வயதுப் பையனின் மனம் என்ன பாடுபடும்?

கொரிந்து எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? கி.மு. 146-இல் உரோமையர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பாழாகவே கிடந்தது. கி.மு. 44-இல் யூலியஸ் சீசர் அதை மீண்டும் குடியேற்றினார். இரண்டு பக்கமும் துறைமுகம், ஓயாத வியாபாரம். பவுல் போனபோது அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஆனால் முதலில் வந்தவன் பிறகு வருகிறவனை ‘நீ யார்?’ என்று கேட்பதுதானே உலக வழக்கம்!

அங்கே பவுலுக்குக் கதவு திறந்தவர்கள் அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற கணவனும் மனைவியும். அவர்களும் ஊர்க்காரர்கள் அல்லர். அக்கிலா போந்து நாட்டில் பிறந்தவர். உரோமையில் குடியிருந்தார்கள். கிளவுதியு பேரரசர் யூதர்களை உரோமையை விட்டு வெளியேறச் சொன்னதால், சற்று முன்புதான் கொரிந்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். தாங்களே இன்னும் வேர் பிடிக்காத குடும்பம். ‘நமக்கே இங்கே இடமில்லை, இவர் வேறயா’ என்று அவர்கள் சொல்லவில்லை. மூவருக்கும் தொழில் ஒன்று, கூடாரம் செய்வது. ஒரே வீட்டில் தங்கினார்கள், சேர்ந்து வேலை செய்தார்கள். பவுல் கொரிந்தில் ஒன்றரை ஆண்டு தங்க முடிந்தது. அந்த ஒன்றரை ஆண்டுக்குப் பின்னால் ஒரு பாயும், ஒரு வேளைச் சோறும், ஊசியும் நூலும் இருந்தன. இறையியல் வகுப்பில் பவுலின் திருமுகங்களை வரி வரியாகப் படித்தோம். அக்கிலா வீட்டு அடுப்பைப் பற்றி அங்கே யாரும் அதிகம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அன்பானவர்களே, நம் கோவில்களின் பின்வரிசையைப் பாருங்கள். கட்டட வேலைக்கும், நூற்பாலைக்கும், ஓட்டல் வேலைக்கும் வந்தவர்கள் நிற்கிறார்கள். பாட்டு புரியாது, மறையுரை புரியாது. மணி அடித்ததும் சரியாக முழந்தாளிடுகிறார்கள். சோட்டாநாக்பூர் பகுதியில் 1885-இல் பணி தொடங்கிய சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் காலத்தில் விசுவாசத்தைப் பெற்ற ஒராவோன், முண்டா, காடியா பழங்குடி மக்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். ‘ஜெய் யேசு’ என்று வணக்கம் சொல்வார்கள். நாம் அவர்களை ஒரே சொல்லில் ‘வடக்கன்’ என்கிறோம். ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழி தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் ‘நீ’ என்கிறோம், அவர்கள் ‘நீன்’ என்கிறார்கள்.

2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொலிகள் பரவியது நினைவிருக்கும். அவை பொய் என்று காவல்துறை சொல்லியும் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறியவர்கள் உண்டு. ‘அண்ணே, இது உண்மையா?’ என்று கேட்க ஒரு தமிழ்க் குடும்பத்தின் போன் நம்பர் அவர்கள் கையில் இருந்திருந்தால் எத்தனை பேருடைய பயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும்! ஒரு நகரத்தில் சொந்தம் என்பது அவ்வளவுதான். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கிற ஒரு ஆள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைச் சில பங்குப்பேரவையினர் விரும்ப மாட்டார்கள். குழந்தைக்குத் திருமுழுக்கு, திடீரென்று ஒரு சாவு என்றால் பல பங்குகளில் முதல் கேள்வி, ‘குடும்ப அட்டை இருக்கா? சந்தா கட்டியாச்சா?’ கணக்கு வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலைத்தளம் மாறுகிறவனிடம் எந்தப் பங்கின் அட்டை இருக்கும்? பிணத்தை வைத்துக்கொண்டு நிற்கிற தோழர்களிடம் ரசீது கேட்கலாமா? பதிவேட்டில் அவர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குவது கடினமான காரியமே அல்ல. பெயர், சொந்தப் பங்கு, வீட்டு நம்பர் இருந்தால் போதும்.

கிறிஸ்துமசுக்கு ஒரு கேக்கும் ஒரு போர்வையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் காலமெல்லாம் ஒருவரை வாங்குகிறவராகவே வைத்திருந்தால், அவர் காலமெல்லாம் அந்நியராகவே இருப்பார். அக்கிலாவையும் பிரிஸ்கில்லாவையும் பாருங்கள். ஊர் ஊராக அலைந்தவர்கள், எபேசில் அப்பொல்லோ என்ற பெரும் படிப்பாளியைத் தங்களோடு அழைத்துப்போய் ஆண்டவரின் வழியை இன்னும் தெளிவாகக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் வீட்டிலேயே திருச்சபை கூடியது. நம் பின்வரிசையில் நிற்பவர்களில் சொந்த ஊரில் செபம் நடத்தியவர்கள், மாந்தர் தட்டிப் பாடியவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாசகத்தை இந்தியில் வாசிக்கச் சொல்லலாம். பாடகர் குழுவில் ஒரு பாட்டு அவர்களுடையதாக இருக்கட்டும். நமக்குப் புரியாதே என்கிறீர்களா? ஒரு ஐந்து நிமிடம் புரியாமல் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணி நேரம் அப்படித்தான் இருக்கிறார்கள்.

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசியில் பவுல் பெயர் பெயராக வாழ்த்துச் சொல்கிறார். அதில் ரூபு என்பவரின் தாயைத் தமக்கும் தாய் என்கிறார். அந்த அம்மா என்ன செய்தார் என்று எழுதவில்லை. சோறு போட்டிருப்பார், காய்ச்சலில் கஷாயம் கொடுத்திருப்பார். அன்னையர் சங்கத்துச் சகோதரிகளே, நூற்பாலை விடுதிகளில் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சில மணி நேரம்தான் வெளியே விடுவார்கள். எந்த நேரம் என்று அவர்களிடமே கேளுங்கள். உங்கள் அன்பியக் கூட்டத்தை அந்த நேரத்துக்கு மாற்றி வையுங்கள். கூட்டம் முடிந்ததும் டீயோடு அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.