மேடை வள்ளியும் திரை வள்ளியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

முருகன் வள்ளியை மணந்த கதை நீங்கள் அறியாததல்ல. அதைத் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) ‘வள்ளி திருமணம்’ என்னும் இசை நாடகமாக எழுதினார். வள்ளி கதை 1933-இலேயே பேசும் படமாயிற்று. 1945-இல் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் ‘ஸ்ரீவள்ளி’ என்று மறுபடியும் எடுத்தார். டி.ஆர்.மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மணி வள்ளி. மேடை வள்ளி உயர்ந்தவளா, திரை வள்ளி உயர்ந்தவளா? சற்றே எடைபோட்டுப் பார்ப்போம்.

மேடையில் நாடகம் விடிய விடிய நடக்கும். ஓரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுகிற கட்டம் வந்துவிட்டால் ஜனங்களுக்குத் தூக்கம் ஏது? அவர் ஒரு பாட்டு எடுத்துவிட, இவர் பதில் பாட்டுப் பாட, கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினால் திரும்பவும் பாடித்தான் ஆகணும். தொண்டை கட்டினாலும் அதே தொண்டைதான்!

திரையில் காட்டையும் மலையையும் நிஜமாகவே காட்டலாம். வள்ளியைப் பயமுறுத்த வரும் யானைக்கு அட்டை முகம் வேண்டாம். பிழை வந்தால் திருத்தலாம். ‘ஸ்ரீவள்ளி’யில் அதுதான் நடந்தது. ருக்மணி பாடிய பாட்டு செட்டியாருக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, ருக்மணியின் வாயசைவுக்குப் பொருத்தினார். முகம் ஒருவருடையது; குரல் வேறொருவருடையது.

சினிமாவை நான் குறை சொல்லவில்லை. நாடகக்காரர் வர முடியாத மூலைக்கும் படச்சுருள் வந்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது, பால்மரம் வெட்டிக் களைத்த நம் பாட்டன் பாட்டிமார் பாய் விரித்துப் பார்த்து மகிழ்ந்தார்களே, அது சின்ன விஷயமா?

ஆனால் பெற்றோர்களே, இன்று நம் விழா மேடைகளில் என்ன நடக்கிறது? ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. பிள்ளை வாயை மட்டும் அசைக்கிறது. மேடையில் ஏறியும் குரல் இரவல்தான்!

1918-இல் மதுரையில் சுவாமிகள் சிறுவர்களைச் சேர்த்து ‘தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை’யைத் தொடங்கினார். டி.கே.சண்முகம் அங்கே பயின்ற பிள்ளைதான். சொந்தக் குரலில் பாடிப் பழகி ஆளானவர்கள் அவர்கள்.

கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெரம் பக்கமெல்லாம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. எத்தனையோ குடும்பங்கள் பட்டணம் போய்விட்டன. தோட்டத்துப் பள்ளிகளில் இருக்கிற பிள்ளைகளோ சிலர். அந்தச் சிலரின் குரலையும் கேட்காமல் விட்டால், நாளைக்கு யார் குரலைக் கேட்கப் போகிறோம்?

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஆண்டு இதே மேடையில் நாரதர் தர்க்கம் மட்டுமாவது நம் பிள்ளைகள் சொந்தக் குரலில் பாடட்டும். சுருதி தப்பினால் தப்பட்டும். ‘ஒன்ஸ்மோர்’ சொல்ல முன்வரிசையில் நாம் இருப்போம்.