திரையில் கடல், கையில் சிப்பி
(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



என் தவறு ஒன்றைச் சொல்லியே தொடங்குகிறேன். ஐந்தாம் வகுப்பில் புதைபடிவங்கள் குறித்த காணொலியைத் திரையிட்டேன். இருபது நிமிடமும் வகுப்பு அமைதியாக இருந்தது. பாடம் நன்றாக நடந்ததென்று மகிழ்ந்தேன். மறுநாள், "நம் ஊரில் எப்போதாவது கடல் இருந்திருக்குமா?" என்று கேட்டேன். "கடல் நாகப்பட்டினத்துலதான் சார் இருக்கு" என்றார்கள். அப்போது ஒரு மாணவி தன் பையிலிருந்து, ஓடையில் பொறுக்கிய கல்லாகிப்போன சிப்பியை எடுத்து, "அப்ப இது எப்படி சார் வந்துச்சு?" என்றாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கிரெட்டேசியஸ் காலத்தில் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. சாத்தனூர் கல்மரத்தை 1940இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தார். நம் பிள்ளைகளுக்கு அது பேருந்தில் போய்ப் பார்க்கும் தூரம்தான்.

இப்போது காணொலியை முழுதாக ஓட்டுவதில்லை. கல்மரம் திரையில் தோன்றியதும் நிறுத்தி, "இந்த மரம் கடலுக்குள் எப்படிப் போயிருக்கும்?" என்று கேட்கிறேன். ஊகங்கள் அனைத்தையும் கரும்பலகையில் எழுதுகிறேன். பிறகே மீதியைக் காட்டுகிறேன். தன் ஊகம் சரியா என்று பார்க்கும் பிள்ளை, திரையை வேறு கண்ணோடு பார்க்கிறது.

செயற்கைக்கோள் வரைபடத்தையும் அவர்கள் கையிலேயே கொடுக்கிறேன். முதலில் நம் பள்ளி, அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம், அருகே பொன்னேரி. கங்கை வெற்றியின் நினைவாக இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் அதுதான். ஏரிக்கரையை விரலால் தொடரச் சொல்லி, "இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும்?" என்று கேட்டால், கொள்ளிடத்தை அவர்களே தேடிப் போகிறார்கள்.

ஒரே ஒரு கைக்கணினி போதும். நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, வழக்கமாகப் பின்வாங்கும் பிள்ளைக்கு முதல் வாய்ப்புக் கொடுங்கள். இணையம் தடைபடும் ஊர்களில், பாடநூலின் விரைவுக் குறியீட்டுக் காணொலிகளை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, பிள்ளைகளே தகவல் திரட்டட்டும். பெரியவர்களிடம் கேட்டு, செல்பேசியில் குரலைப் பதிந்து வரச் சொன்னேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒரு தந்தை, "இந்த மாதிரி சிப்பியெல்லாம் தினமும் பாக்கிறோம், கல்லோட கல்லா லாரியில ஏத்திடுவோம்" என்று பேசியிருந்தார். அதைக் கேட்டு வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. முதல் நாள் அமைதி வேறு, இந்த அமைதி வேறு. பிறகு ஒருவன், "வாரணவாசி அருங்காட்சியகத்துல கொண்டுபோய்க் கொடுக்கலாமே சார்" என்றான்.

சிமெண்ட் ஆலைக்குப் போகும் கல்லில் நம் மண்ணின் வரலாறும் சேர்ந்தே போகிறது. அதை அடையாளம் காணத் தெரிந்த பிள்ளைதான் நாளை அதைக் காப்பாற்றும். திரை அணைந்த பிறகு பிள்ளை என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். பாடம் நடந்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.