சிங்கப்பூரில் ஓர் ஊர்காண் காதை



புதியதொரு நகரத்தை எப்படிப் பார்ப்பது என்பதை நமது இலக்கியம் என்றோ சொல்லித் தந்துவிட்டது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் 'ஊர்காண் காதை' என்றொரு காதை உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் விட்டுவிட்டுக் கோவலன் மதுரையைப் பார்க்கப் புறப்படுகிறான். இரத்தினக் கடைகள் இருக்கும் தெரு, பொற்கடைத் தெரு, துணி விற்கும் அறுவை வீதி, தானியம் குவிந்து கிடக்கும் கூல வீதி என்று தெருத்தெருவாகத் திரிகிறான். ஊர் காண்பது என்றால் அதன் கடைவீதியைக் காண்பது என்றே இளங்கோவடிகள் கருதினார் போலும்.

அந்தக் காதையில் ஒரு சிறு செய்தி எப்போதும் என் மனதைப் பிடித்து நிறுத்தும். பொற்கடைத் தெருவில் நால்வகைப் பொன் விற்கப்பட்டது. எந்தப் பொன் எங்கே கிடைக்கும் என்று வாங்க வருபவர் மயங்காதிருக்க வணிகர்கள் கொடி கட்டியிருந்தார்கள். பட்டினப்பாலையிலும் கொடிகள் உண்டு. கப்பலின் கொடி, கள்ளுக்கடையின் கொடி, வாதம் செய்ய வாருங்கள் என்று அறிஞர்கள் உயர்த்திய கொடி எனப் பல கொடிகளைக் காவிரிப்பூம்பட்டினத்தில் காண்கிறோம். உள்ளூர்க்காரனுக்குக் கொடி தேவையில்லை. வழி தெரியாமல் வந்து நிற்பவனுக்காகவே அது பறக்கிறது. ஒரு நகரம் அந்நியனை எப்படி வரவேற்கிறது என்பதை அதன் கொடிகளைக் கொண்டு, இன்றைய வழக்கில் சொன்னால் அதன் பெயர்ப்பலகைகளைக் கொண்டு, அளந்துவிடலாம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் சென்ற பாடசாலை விடுமுறையில் ஆறு நாட்கள் சிங்கப்பூரைச் சுற்றினேன். அங்கே தொழில் பார்க்கும் என் மைத்துனர், "அத்தான், ஒரு வாகனம் பிடிச்சுத் தாறன், ரெண்டு நாளிலை எல்லாத்தையும் பாத்திடலாம்" என்றார். நான் மறுத்துவிட்டேன். கோவலன் தேர் பிடித்திருந்தால் நமக்கு ஊர்காண் காதை கிடைத்திருக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பயண அட்டை ஒன்றைக் கையில் தந்தார்.

அந்த அட்டை ஒன்று போதும். பஸ்ஸில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை அதைக் கருவியில் காட்ட வேண்டும். சென்ற தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் கழிந்துவிடும். பஸ்ஸிலிருந்து இறங்கி ரயிலுக்கு மாறினாலும் குறித்த நேரத்துக்குள் மாறினால் ஒரே பயணமாகவே கணக்கிடுவார்கள். ஒவ்வொரு பஸ் தரிப்பிடத்துக்கும் ஐந்து இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று உண்டு. இரட்டைத்தட்டு பஸ்ஸின் மேல்தட்டில் முன் ஆசனம் கிடைத்துவிட்டால் மரக்கிளைகள் கண்ணாடியை உரசிச் செல்ல, நகரம் முழுவதும் நமக்கு முன்னே விரிந்துகொண்டே போகும்.

நடத்துநர் இல்லாத அந்த பஸ்ஸில் இருந்தபோது கொழும்பு பஸ்களை நினைத்துக்கொண்டேன். "கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை" என்று மிதிபலகையில் நின்று கூவும் நடத்துநரின் குரலே நமக்குப் பெயர்ப்பலகை. நம் ஊரில் அந்நியனுக்கு வழிகாட்டுவது வாய். அங்கே வழிகாட்டுவது பலகை. பலகைக்கும் வாய்க்கும் உள்ள இந்த வேறுபாட்டை நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

சிங்கப்பூரின் முதல் ரயில் பாதை 1987 நவம்பரில் திறக்கப்பட்டது. இன்று பல பாதைகள் நிலத்தின் கீழும் மேலும் பின்னிக் கிடக்கின்றன. கடைத்தொகுதிகளோ அந்த ரயில் நிலையங்களின் தோளில் ஏறி நிற்கின்றன. ஓர்ச்சர்ட் நிலையத்தில் இறங்கி நகரும் படியில் ஏறினால், வானத்தைக் காணாமலே கடைக்குள் வந்துவிடுகிறோம். 2009இல் திறக்கப்பட்ட ஐயன் ஓர்ச்சர்ட் என்ற கடைத்தொகுதி நிலையத்துக்கு நேர்மேலே நிற்கிறது. நிலத்தடி வழிகளால் அயலிலுள்ள கடைத்தொகுதிகளுக்கும் போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே சாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன. தோட்டம் என்ற அந்தப் பொருளிலேயே வீதிக்குப் பெயர் வந்தது. மரங்கள் போய்விட்டன, பெயர் மட்டும் நிற்கிறது.

கடைத்தொகுதி என்றாலே ஒரேமாதிரியான கண்ணாடியும் குளிரும்தான் என்று எண்ணியிருப்போர் ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போக வேண்டும். அதே ஓர்ச்சர்ட் வீதியிலுள்ள லக்கி பிளாசாவில் அன்று பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண்கள் திரண்டிருப்பார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புவதும், ஊர்ச் சாப்பாடு உண்பதும், தோழிகளோடு கதைப்பதும் அங்கேதான். சிற்றி ஹோல் நிலையத்துக்கு அருகிலுள்ள பெனின்சுலா பிளாசாவில் பர்மியர்கள் கூடுவார்கள். தாய்லாந்துத் தொழிலாளர் கூடிய கோல்டன் மைல் தொகுதி 2023இல் மூடப்பட்டுவிட்டது. வேற்றுமொழி பேசும் நாட்டவர்கள் ஒன்றாகக் கலந்து வாழ்ந்த பட்டினங்களைப் பற்றி நாம் வகுப்பில் படிப்பிக்கிறோமே, அந்தப் பட்டினம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆறு நாள் உழைத்தவர்கள் ஏழாம் நாளில் தங்கள் மொழியைத் தேடிக் கடைத்தெருவுக்கு வருகிறார்கள்.

ஓர்ச்சர்ட்டிலிருந்து இரண்டு நிலையங்கள் கடந்தால் டோபி காட். சலவைத் தொழிலாளர் துணி வெளுத்த ஆற்றுத்துறையின் பெயர் அது. அங்கே வடகிழக்குப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. மூன்றே நிலையங்கள்தான், உலகமே மாறிவிடுகிறது. வெளியே வந்தவுடன் தேக்கா சந்தை. மூங்கில் அடிவாரம் என்ற பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அந்தச் சீனப் பெயர் கொண்ட சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழையிலையும் கிடைக்கின்றன. 1935இல் தொடங்கி இன்றும் வெளிவரும் 'தமிழ் முரசு' நாளிதழை நான் வாங்கியதும் இந்தப் பகுதியில்தான். சிராங்கூன் வீதி வழியே நடந்தால் பூமாலை கட்டும் கடைகள், வீரமாகாளியம்மன் கோயில், அப்பால் முஸ்தபா கடைத்தொகுதி. 2020 வரை அது இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருந்தது. பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் பிரித்தார்கள் நம் முன்னோர். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தவர் இந்தக் கடைக்காரர்.

இன்னொரு நாள் சைனாடவுன் நிலையத்தில் இறங்கினேன். நிலையத்தின் ஒரு வாயில் பகோடா வீதியில் திறக்கிறது. சீனர் பகுதியல்லவா, ஏதோ பௌத்த விகாரையின் பெயராக்கும் என்று எவரும் எண்ணுவர். உண்மையில் அந்தப் பெயருக்குக் காரணம் வீதி முனையில் நிற்கும் மாரியம்மன் கோயிலின் கோபுரம்! 1819இல் ராபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடக்கிய கோயில் அது. அங்கிருந்து சற்றுத் தள்ளித் தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசல். வாகனத்தில் விரைபவனுக்கு இவை வெறும் கட்டடங்கள். நடந்து போய்ப் பெயர்களை வாசிப்பவனுக்கோ இருநூறு ஆண்டு வரலாறு.

நேயர்களே, இப்போது நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்ற நான்கும் ஆட்சிமொழிகள். ரயில் நிலையங்களின் பலகைகளில் தமிழ் எழுத்தைக் கண்டேன். மேடையில் நிற்கும்போது எச்சரிக்கை அறிவிப்பைத் தமிழில் கேட்டேன். 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி அங்கே நிரந்தரமாக வாழ்வோரில் இந்திய வம்சத்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேர். அவர்களிலும் எல்லோரும் தமிழர் அல்லர். அத்தனை சிறிய கூட்டத்தின் மொழிக்குப் பலகையில் இடம் இருக்கிறது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்டு, 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலமே தமிழும் ஆட்சிமொழி என்ற ஏற்பைப் பெற்ற ஒரு நாட்டிலிருந்து போனவன் நான். அந்தப் பலகைகளின் முன் நின்றபோது என் நெஞ்சில் எழுந்ததை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னோர் எண்ணும் உண்டு. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேலாக இருந்தனர். 2020இல் அது 2.5 ஆகக் குறைந்துவிட்டது. இந்த எண்ணுக்கு ஒரு முகம் கிடைத்தது சிலோன் வீதியில்.

ஆம், சிங்கப்பூரில் நமது நாட்டின் பழைய பெயரைத் தாங்கிய வீதி ஒன்று இருக்கிறது. 2024 ஜூனில் திறக்கப்பட்ட மரின் பரேட் நிலையத்தில் இறங்கி, பார்க்வே பரேட் என்ற பெரிய கடைத்தொகுதியைத் தாண்டிச் சற்று நடந்தால் வந்துவிடும். அங்கேதான் இலங்கைத் தமிழர் வளர்த்தெடுத்த செண்பக விநாயகர் கோயில். குளக்கரையில் செண்பக மரத்தடியில் பிள்ளையார் சிலை கிடைத்ததாக வரலாறு சொல்கிறது. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் போன யாழ்ப்பாணத்தவரின் சந்ததியினர் இன்றும் அங்கே வருகிறார்கள். இனம், மொழி, மதம் கடந்து ஒரே மக்களாக வாழ்வோம் என்ற சிங்கப்பூரின் உறுதிமொழியை 1966இல் வரைந்த எஸ். இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கோயில் மண்டபத்தில் எண்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் என் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். "தம்பி எவடம்?" என்றார். சொன்னேன். "எங்கடை பேரனாரும் அங்கையிருந்து ரெயில்வேக்கு வந்தவர்" என்றார். சிங்கப்பூரிலேயே பிறந்தவர். ஆனால் நல்லூர் வீதியில் கேட்பது போன்ற தமிழ்.

"பேரப்பிள்ளையள் தமிழ் கதைப்பினமோ அம்மா?" என்று கேட்டேன்.

"விளங்கும் தம்பி. கதைக்காதுகள். சோதினையிலை நல்ல புள்ளி எடுப்பான் சின்னவன். ரெயிலடியிலை தமிழிலை அறிவிக்கேக்கை, 'அம்மம்மா, உங்கடை பாஷை போகுது' எண்டு இங்கிலீசிலை சொல்லிச் சிரிப்பான்."

அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. 'உங்கடை பாஷை' என்ற அந்தச் சொல் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. சட்டம் இருக்கிறது, பாடம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, பலகை இருக்கிறது. பிள்ளையின் வாயில் மட்டும் அது அம்மம்மாவின் பாஷையாகிவிட்டது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இதே சொல் எத்தனை வீடுகளில் ஒலிக்கிறதோ!

பலகையில் தமிழ் வேண்டும். அது நமது உரிமை. அதற்காகப் பட்டபாடு வீண் அன்று. ஆயினும் கொடி என்பது உள்ளே சரக்கு இருக்கிறது என்று சொல்வதற்காகக் கட்டப்படுவது. கடைக்குள் பொன் இல்லையென்றால் கொடி எவ்வளவு உயரத்தில் பறந்தும் என்ன பயன்? பலகையை அரசு தரலாம். பேச்சை வீடுதான் தரவேண்டும். கொழும்பிலும் பிள்ளையோடு வீட்டில் ஆங்கிலத்திலேயே கதைத்துவிட்டு, அரச கடிதம் தமிழில் வரவில்லையே என்று வருந்துவோரை நான் அறிவேன். அவர்களது வருத்தம் நியாயமானது. அந்தக் கடிதத்தை நாளை வாசிக்கப்போவது யார் என்பதையும் அவர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

புதிய நகரமொன்றுக்குப் போகும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு நாளாவது பஸ்ஸிலும் ரயிலிலும் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். தமிழ்ப் பலகை ஒன்றைக் கண்டால் அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள், வாய்விட்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி.