கைமாறும் அமானிதம்

(குருசுக்குப்பத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

    

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஓட்டம். இமாம் ஒருவர் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். காரணம் உண்டு. நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் மூவரும், அவர்களுடன் ஒரே வகுப்பில் படித்த மீனவக் குடும்பத்துச் சகோதரர் மூவரும் சேர்ந்து நெடுந்தொலைவுத் தொடர் ஓட்டம் ஒன்றை ஓடத் திட்டமிட்டுள்ளனர். குருசுக்குப்பத்துக் கடற்கரையில் தொடங்கி, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், காலாப்பட்டு, கூனிமேடு வழியாக மரக்காணம் சென்று சேர்வது அவர்களது நோக்கம். தொலைவு சுமார் 35 கிலோமீட்டர். ஒருவர் ஓடி முடித்த இடத்தில் அடுத்தவர் காத்திருந்து, கைத்துணியைப் பெற்றுக்கொண்டு ஓட வேண்டும். ஆளுக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர்.

இதனால் நம்மிடம் இரண்டு வினாக்கள் வந்து சேர்ந்தன. ஒன்று பெரியவர்களுடையது: விளையாட்டுக்காக இத்தனை ஏற்பாடு தேவைதானா? மற்றொன்று அந்த இளைஞர்களுடையது. அவர்களுள் ஒருவர் மற்றவர்களைவிட மிக மெதுவாக ஓடுபவர். அவரை விலக்கிவிட்டு, விரைந்து ஓடக்கூடிய வெளியாள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது அவர்களது வினா. சம்பந்தப்பட்ட இளவலிடம் அனுமதி பெற்றே இதனை இங்கு எடுத்துரைக்கிறோம். அவரது பெயர் இங்குத் தேவையில்லை.

முதலாவது வினாவிற்கு விடை எளிது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியுள்ளார்கள். ஒருமுறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். நபித்தோழர் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் கால் வேகத்திற்குப் பெயர் பெற்றவர்கள். தூகரத் என்னும் இடத்திலிருந்து மதீனாவுக்குத் திரும்பும் வழியில், ஓட்டத்தில் எவருக்கும் தோற்றிராத அன்சாரித் தோழர் ஒருவர், மதீனா வரை தம்முடன் ஓடி முந்துபவர் உண்டா என அறைகூவல் விடுத்தார். ஸலமா (ரலி) அவர்கள் நபியவர்களிடம் அனுமதி பெற்று, ஒட்டகத்திலிருந்து குதித்து ஓடினார்கள். எடுத்த எடுப்பில் பாய்ந்து ஓடவில்லை. ஓரிரு மேடுகள் கடக்கும்வரை வேகத்தை அடக்கி, மூச்சைச் சேமித்து, பிறகு விரைந்து, மீண்டும் அடக்கி, இறுதியில் முந்தியதாக அவர்களே அறிவித்துள்ளார்கள். நெடுந்தொலைவு ஓடுபவருக்கு இன்றைய பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுக்கும் முதற்பாடமும் இதுவே.

ஆக, தொழுகைக்கும் கடமைகளுக்கும் இடையூறின்றி, உடல் மறைக்க வேண்டிய முறைப்படி மறைத்து, சூதும் பந்தயப் பணமும் கலவாமல் ஓடும் ஓட்டத்திற்கு மார்க்கத்தில் தடை இல்லை. பெரியவர்கள் இது குறித்து மனநிறைவு கொள்வார்களாக.

இரண்டாவது வினா அவ்வளவு எளிதன்று. அதற்கு விடை காணுமுன், தொடர் ஓட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே நோக்குவோம்.

இலங்கைத் தமிழர் தொடர் ஓட்டத்தை 'அஞ்சலோட்டம்' என்றே அழைக்கின்றனர். பொருத்தமான பெயர்தான். பழங்காலத்தில் கடிதம் கொண்டு சென்றவர்கள் இவ்வாறே ஓடினார்கள். இஸ்லாமிய ஆட்சியில் 'பரீத்' என்னும் அஞ்சல் முறையை முஆவியா (ரலி) அவர்கள் நிறுவியதாக வரலாற்றாசிரியர் கூறுவர். 1333ஆம் ஆண்டு சிந்து நதிக்கரையை வந்தடைந்த பயணி இப்னு பதூதா, சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் தாம் கண்ட அஞ்சலை விரிவாக எழுதி வைத்துள்ளார். குதிரை அஞ்சலுக்கு நான்கு மைலுக்கு ஒரு நிலை. கால்நடை அஞ்சலுக்கு ஒரு மைலுக்கு மூன்று நிலைகள். ஓடுபவரின் ஒரு கையில் கடிதம். மறு கையில் செம்பு மணிகள் கோத்த கோல். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையில் இருப்பவர் இடுப்பை வரிந்து கட்டி எழுந்து நிற்பார். கடிதம் கைமாறும், ஓட்டம் தொடரும். சிந்திலிருந்து டில்லிக்கு ஐம்பது நாள் பயணத் தொலைவு. ஆயினும் செய்தி ஐந்தே நாட்களில் சுல்தானைச் சென்றடைந்தது என்கிறார் அவர். கால்நடை அஞ்சல் குதிரை அஞ்சலைவிட விரைவானது என்பதும் அவரது கூற்று.

நமக்கு அண்மையில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இத்தகைய அஞ்சல் இருந்தது. மணி கட்டிய கோலுடன் ஓடிய 'அஞ்சலோட்டக்காரர்' அங்கு அனைவரும் அறிந்த மனிதர். அந்தச் சேவை 1951இல் இந்திய அஞ்சல் துறையுடன் இணைக்கப்பட்டது.

குதிரையைவிட மனிதன் எவ்வாறு விரைந்து செல்ல முடியும்? ஒவ்வொருவரும் தம்மால் முழு வேகத்தில் ஓடக்கூடிய தொலைவு மட்டுமே ஓடியதால்தான். மைலில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் அவர்மீது சுமத்தப்படவில்லை. எவரும் களைத்து விழுமுன்பே கடிதம் அடுத்தவர் கைக்குச் சென்றுவிட்டது. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; பின்னர் இதனிடமே திரும்புவோம்.

இன்றைய உலகில் நெடுந்தொலைவுத் தொடர் ஓட்டத்தைப் பேணி வளர்த்தவர்கள் ஜப்பானியர். 'எகிதென்' என்பது அதன் பெயர். அச்சொல்லும் பழைய அஞ்சல் நிலைகளிலிருந்து பிறந்ததே. 1917இல் கியோட்டோ நகரிலிருந்து டோக்கியோ வரை, 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு, முதன்முதலாக ஓடினர். 1920 முதல் 'ஹாக்கோனே எகிதென்' நடைபெற்று வருகிறது. இப்போது ஆண்டுதோறும் ஜனவரி 2, 3 தேதிகளில் கல்லூரி அணிகள் ஓடுகின்றன. அணிக்குப் பத்துப் பேர். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 217 கிலோமீட்டர். டோக்கியோவிலிருந்து மலைமீதுள்ள ஏரிக்கரை வரை முதல் நாள் ஐவர். மறுநாள் திரும்பி வர ஐவர். ஐந்தாமவர் மலையேற வேண்டும். ஆதலால் சமதரையில் வேகமானவரைவிட, மேட்டில் மூச்சுத் தளராதவரையே அந்தப் பகுதிக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அவர்கள் கையில் கோல் ஏந்துவதில்லை. தோளின் குறுக்கே ஒரு துணிப்பட்டையை அணிந்து ஓடுகிறார்கள். வியர்வையில் நனைந்த அந்தப் பட்டையே ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறுகிறது. ஓர் அணி முன்னணியினருக்குக் குறிப்பிட்ட நேரத்திற்கு மேல் பின்தங்கிவிட்டால், அடுத்த வீரரை வேறொரு பட்டையுடன் ஓட அனுப்பிவிடுவார்கள். பின்னால் வருபவர் தம் பட்டையைக் கொடுக்க ஆளின்றி வந்து சேர்வார். தோல்வியைக் காட்டிலும் பட்டை கைமாறாமற் போனதற்கே அங்கு வீரர்கள் அதிகம் கண்ணீர் விடுவதுண்டு.

நம் நாட்டிலிருந்தும் ஒரு சான்று கூறுவோம். 2023 ஆகஸ்டில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், ஆடவர் நான்கு நானூறு மீட்டர் தொடர் ஓட்டத் தகுதிச் சுற்றில் நம் அணி 2 நிமிடம் 59.05 வினாடியில் ஓடி, அமெரிக்காவுக்கு அடுத்ததாக வந்தது. அது அன்று ஆசிய சாதனை. இறுதிப் போட்டியில் ஐந்தாம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பான் அணி அந்தச் சாதனையை முறியடித்தது. புடாபெஸ்டில் ஓடியவர்கள் முகமது அனஸ் யஹியா, அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஆகிய நால்வர். முதல் மூவர் மலையாளிகள். நான்காமவர் நம் தமிழ்நாட்டவர். மூன்று சமயத்தாரின் கைகள் வழியே ஒரே கோல் சென்றது. அந்த ஓட்டத்தில் கோலைக் கைமாற்ற விதிக்கப்பட்ட எல்லை 20 மீட்டர் மட்டுமே. கோல் தவறி விழுந்தால், தவறவிட்டவரே குனிந்து எடுக்க வேண்டும் என்பதும் விதி.

இனி, நம் இளைஞர்களின் வினாவிற்கு வருவோம்.

வேகம் பார்த்து ஆள் எடுப்பது குற்றமன்று. துக்ளக்கின் அஞ்சலில் நொண்டியை நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஹாக்கோனேயில் ஓடும் கல்லூரிகளும் தம் மாணவருள் சிறந்த பத்துப் பேரையே களமிறக்குகின்றன. இந்த அறுவரும் தொடக்கத்திலேயே, "நாங்கள் பரிசுக்காக ஓடுகிறோம், விரைந்தவர்களே வேண்டும்" என்று முடிவு செய்திருந்தால், நாம் எதுவும் சொல்வதற்கில்லை.

ஆனால் அவர்கள் அவ்வாறு தொடங்கவில்லை. நண்பர்கள் அறுவர் கூடி, "நாம் ஓடுவோம்" என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தனர். மூன்று மாதங்களாக அதிகாலையில் கடற்கரைச் சாலையில் ஒன்றாகப் பயிற்சி செய்தனர். மெதுவாக ஓடும் அந்த இளவல் ஒருநாள்கூடப் பயிற்சிக்கு வரத் தவறியதில்லை என்று மற்றவர்களே நம்மிடம் கூறினர். இந்நிலையில் அவரை விலக்கினால், அது ஆள் தேர்வு ஆகாது. கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குவதாகும். அவரோ, "என்னால் உங்களுக்கு நட்டம் வேண்டாம், நானே விலகிக்கொள்கிறேன்" என்று கூறிவிட்டார். ஒருவர் பெருந்தன்மையால் விட்டுக்கொடுப்பதை, மற்ற ஐவரும் தம் வசதிக்காக ஏற்றுக்கொள்வது நியாயமாகுமா? நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

கணக்கையும் பார்ப்போம். மற்றவர்கள் ஆறு கிலோமீட்டரை அரை மணி நேரத்தில் கடக்கின்றனர். அவருக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. மொத்தம் மூன்று மணி நேர ஓட்டத்தில் பத்து நிமிட இழப்பு. அந்தப் பத்து நிமிடத்தையும் குறைக்க வழி உண்டு. அதனை இப்னு பதூதா கண்ட அஞ்சலே நமக்குக் காட்டிவிட்டது. ஆளுக்கு ஆறு கிலோமீட்டர் என்று எவர் விதித்தார்? நீங்களாக வகுத்துக்கொண்டதுதானே! தனி ஓட்டத்தில் தொலைவு அனைவருக்கும் ஒன்றே. தொடர் ஓட்டத்திலோ அவரவர் ஆற்றலுக்கேற்பத் தொலைவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அவருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுங்கள். உங்களுள் மூச்சு வலிமை மிக்கவர் எட்டு ஓடட்டும். மெதுவாக ஓடுபவரை இறுதியில் நிறுத்தி, அனைவரின் பார்வையும் அவர்மீது விழச் செய்யாதீர்கள். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஓடச் செய்யுங்கள். பின்னால் வருபவர் ஈடு செய்வார். ஆயினும் தொலைவு குறைந்தது என்பதற்காகப் பொறுப்பு குறைந்துவிடாது. துணி அவர் கையில் இருக்கும் வேளையில் அறுவரின் உழைப்பும் அவரிடமே அமானிதமாக இருக்கிறது. அதனை அவர் நன்கு அறிவார் என்றே நாம் கருதுகிறோம்.

காத்திருப்பவரின் கடமையும் உண்டு. மணியோசை கேட்குமுன்பே எழுந்து நிற்பவரே நல்ல அஞ்சலோட்டக்காரர். தமது முறை முடிந்ததும் வீட்டிற்குப் போய்விடாமல், அடுத்தவருக்குத் தண்ணீர் கொண்டு செல்பவரே நல்ல தோழர்.

இறுதியாகச் சில எச்சரிக்கைகள். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் கடும் வெயிலில் நடந்தது. போர்ச்சுகல் நாட்டு வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வழியில் மயங்கி விழுந்து, மறுநாள் உயிரிழந்தார். அதே ஓட்டத்தில் தளர்ந்து பாதியில் நின்றவர் ஜப்பானியரான கனகுரி ஷீசோ. தாயகம் திரும்பிய அவரே பின்னாளில் ஹாக்கோனே எகிதென் தொடங்கப் பாடுபட்டவர்களுள் ஒருவரானார். தனித்து ஓடித் தளர்ந்தவர், பலர் சேர்ந்து ஓடும் ஓட்டத்தை வளர்த்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1967இல், ஸ்வீடன் நாட்டார் அவரை அழைத்து அந்த மாரத்தானின் எல்லைக் கோட்டைக் கடக்கச் செய்தனர்.

ஸ்டாக்ஹோமின் வெயிலே அப்படியென்றால் நமது கடற்கரையின் புழுக்கத்தைச் சொல்லவும் வேண்டுமோ? கோடையில் இதனை நினைக்கவே வேண்டாம். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே ஏற்றவை. சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை பேருந்தும் லாரியும் விரையும் சாலை. ஆதலால் காவல் துறைக்கு முன்கூட்டித் தெரிவித்து அனுமதி பெறுங்கள். எதிர்வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரமாக ஓடுங்கள். தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் உடன் வரட்டும். எவருக்கேனும் தலை சுற்றினாலோ, பேச்சுக் குழறினாலோ, அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலைத் தண்ணீரால் குளிர்வித்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மரக்காணம் எங்கும் போய்விடாது. பிறிதொரு நாள் ஓடிக்கொள்ளலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். துணைக்கு ஒரு வாகனமும், முதலுதவி தெரிந்த ஒருவரும் அவர்களுடன் செல்ல ஏற்பாடு செய்து தாருங்கள். பெற்றோர்களின் கவலை பாதி குறையும்.

அறுவரும் இங்கேயே அமர்ந்திருக்கிறீர்கள். முடிவு உங்களுடையது, நாம் கட்டளையிடவில்லை. இன்றிரவு கூடிப் பேசுங்கள். பட்டியலில் ஆறாவது பெயர் எது என்பதை நாளை நம்மிடம் வந்து சொல்லுங்கள்.

வல்ல இறைவன் உங்கள் கால்களுக்கு வலிமையையும், உள்ளங்களுக்கு ஒற்றுமையையும் தந்து, அறுவரையும் நலமுடன் இல்லம் சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.