ரசத்தில் எட்டு மிளகு

தைப்பூசம் முடிந்த பிறகு ஒரு வாரத்துக்கு, கிள்ளானில் எங்கள் மருந்துக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்தோடு இரவெல்லாம் நடந்து, பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கியவர்கள். ஏறும்போது முருகன் ஏற்றிவிடுகிறான். இறங்கிய பிறகு முழங்கால் கணக்குக் கேட்கிறது.

வலி மாத்திரை வாங்குவார்கள். வாங்கிய கையோடு பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, குரலைத் தாழ்த்தி, “தம்பி, இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?” என்பார்கள். சில சமயம் இஞ்சி, சில சமயம் கருஞ்சீரகம், பெரும்பாலும் மஞ்சள் மாத்திரை. சமையல்கட்டுச் சரக்குகள் அழற்சியைத் தணிக்குமா என்பதுதான் இன்றைய பேச்சு. அஞ்சறைப் பெட்டி முழுவதையும் துழாவ இந்த நேரம் போதாது. எனக்குப் பிடித்த இடத்தில் சற்று அதிகமாக நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழற்சி என்பது என்ன? படியில் இடறி விரலில் அடிபட்டால் அந்த இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். கிருமியை விரட்டவும் சிதைந்ததைச் சரிசெய்யவும் உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அங்கே காக்ஸ் என்ற நொதி, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்குகிறது. வலியும் வீக்கமும் அதனால் கூடுகின்றன. ஆஸ்பிரின் இந்த உற்பத்தியைத்தான் தடுக்கிறது என்று மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன் 1971-இல் கண்டு சொன்னார். வேலை முடிந்தும் அடங்காமல் வருடக்கணக்கில் உள்ளே நீடிக்கும் அழற்சிதான் தொல்லை. மூட்டுத் தேய்மானத்திலும் இதய நோயிலும் சர்க்கரை நோயிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.

இனி மஞ்சள். அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமினை 1815-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அது அழற்சியைக் குறைக்கிறது என்று முறையான மருந்தியல் சோதனையில் காட்டியது 1973-இல், லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில். ஸ்ரீமல், தவான் என்ற இருவர், எலியின் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கி, குர்குமின் கொடுத்து அது வடிவதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின் மேல் நடந்தவை. தட்டில் ஊற்றுவது சுலபம். வாய் வழியாகப் போய் ரத்தத்தில் சேருவதுதான் பெரிய பாடு.

குர்குமின் தண்ணீரில் லேசில் கரையாது. குடலைத் தாண்டிய கொஞ்சத்தையும் நம் குடல் சுவரும் ஈரலும் வேறு பொருளாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். வாசலில் கண்டிப்பான ஜாகா ஒருவர் நின்று, தெரியாத முகத்தையெல்லாம் திருப்பி அனுப்புகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜாகாவைக் கொஞ்ச நேரம் தூங்க வைக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவர்தான் மிளகு.

இங்கேதான் நான் நிற்கப் போகிறேன் என்று சொன்னேன். எனக்கு மிளகின் மேல் தனிப் பாசம். மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். அதை 1819-இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். மறு வருடம் மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்புகிறது என்று கண்டுபிடித்தாரே, அதே ஓர்ஸ்டெட்தான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், அவரே கொஞ்சம் விழிப்பார்.

1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை நடந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தார்கள். ரத்தத்தில் தேடினால் கிடைக்கவே இல்லை என்கிற அளவுக்குக் கொஞ்சம். அதே குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது உறிஞ்சப்பட்ட அளவு 2000 சதவீதம் கூடியது. மாத்திரை விளம்பரங்களில் நீங்கள் பார்க்கும் அந்த எண் இங்கிருந்து வந்ததுதான். சிலர் 2000 மடங்கு என்றே அச்சடித்துவிடுகிறார்கள். ஏறக்குறைய இருபது மடங்கு, அவ்வளவுதான். அதுவும் ஒன்றுமில்லாததிலிருந்து இருபது மடங்கு என்பதை மறக்க வேண்டாம்.

நான் இந்தக் கணக்கை ரசத்துக்குப் போட்டுப் பார்த்தேன். மிளகில் பைப்பரின் ஐந்து, ஆறு சதவீதம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிகிராமுக்கு எட்டு அல்லது பத்து மிளகு போதும். சரவாக் மிளகை உரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போட்ட ரசத்தில் ஆளுக்கு அவ்வளவு மிளகு தாராளமாக இருக்கும். அம்மாக்கள் நெய்யிலோ எண்ணெயிலோ தாளிக்கிறார்கள். குர்குமின் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும், சூட்டில் இன்னும் கொஞ்சம் கரையும். ஆக மிளகு சரி, எண்ணெய் சரி, சூடு சரி. உதைப்பது மஞ்சள். நல்ல மஞ்சள் தூளிலேயே குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான். நாலு பேருக்கு வைக்கும் ரசத்தில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் போட்டால், ஆளுக்கு வருவது பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம் குர்குமின். பெங்களூரில் கொடுத்த 2 கிராமுக்கு ஈடு கட்ட வேண்டுமென்றால் சுமார் 65 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். இருபது தேக்கரண்டிக்கு மேல்! அதை ரசம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வீட்டுக்குச் சாயம் பூசலாம்.

காப்பார் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, “அப்போ நான் ரசம் வைக்கிறது வீணா தம்பி?” என்று முகம் சுருங்கிக் கேட்டார். வீணே இல்லை அக்கா. ரசம் சாப்பாடு. தினமும், வாழ்நாள் முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக, பூண்டும் தக்காளியும் சீரகமும் கூடவே உள்ளே போவது. ஆனால் வீங்கிய முழங்காலுக்கு அதுவே சிகிச்சை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது.

மாத்திரை வடிவில் ஆதாரம் கொஞ்சம் இருக்கிறது. நம் பக்கத்து நாடான தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை நாலு வாரம் கவனித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாரம், இன்னொரு பிரிவுக்கு 1200 மில்லிகிராம் ஐபுபுரோஃபென். வலி குறைவதில் மஞ்சள் பின்தங்கவில்லை. வயிற்று வலிப் புகாரும் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? 2020-இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 70 பேரிடம் செய்த சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். பன்னிரண்டு வாரத்தில் வலி குறைந்தது. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், மூட்டுக்குள் இருந்த நீரும் வீக்கமும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இருந்த மாதிரியேதான் இருந்தன. வலி எப்படிக் குறைந்தது என்பது எனக்கு இன்னும் சுவையான கேள்வி.

இப்போது ஜாகாவிடம் திரும்புவோம். அவர் தூங்கினால் மஞ்சள் மட்டுமா உள்ளே வரும்? வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிட்டோயின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரொப்ரனொலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், இவையும் பைப்பரினோடு சேர்ந்தால் ரத்தத்தில் கூடுகின்றன என்று சோதித்திருக்கிறார்கள். ரத்தத்தை இளக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் மாத்திரை பக்கமே மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை, பயந்துவிடாதீர்கள். இத்தாலியில் 2019-இல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு ஈரல் அழற்சி வந்து, அரசே விசாரணையில் இறங்கியது. அழற்சியைக் குறைக்கப் போய் அழற்சி!

இன்னொரு கதை சொல்லியே ஆக வேண்டும். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா. மூட்டு வலிக்கு ஒரு பொட்டலம் மூலிகை மாத்திரை வாங்கியிருந்தார். “மஞ்சளும் இஞ்சியும்தான்யா. இரண்டே நாளில் மாடிப்படி ஏறினேன்” என்றார். எனக்கு அந்த ‘இரண்டே நாள்’தான் இடித்தது. முகம் உப்பியிருந்தது, சர்க்கரை எகிறியிருந்தது. பொட்டலத்தில் பதிவு எண்ணே இல்லை. அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பினோம். ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றுதான் மருத்துவரும் சந்தேகப்பட்டார். மூலிகை என்று சொல்லி டெக்ஸாமெத்தசோன் கலந்து விற்பதைப் பற்றி நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இதில் ஒரு விஷயம்: அப்படிப்பட்டதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

அதனால் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘மால்’ என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். கடைசி எழுத்து ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ என்றால் ஊட்டச்சத்து. மின்னும் ஹோலோகிராம் ஒட்டியிருக்க வேண்டும். பதிவு இருந்தால் நோய் தீரும் என்று அர்த்தமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். இஞ்சியை இரண்டு வரியில் முடிக்கிறேன்: பச்சை இஞ்சியில் ஜிஞ்சரால், காய்ந்து சுக்கானால் அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும், காரமும் கூடும். தே ஹாலியா, அதாவது இஞ்சித் தேநீர், குடித்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இஞ்சி நல்லது, கூட ஊற்றும் கெட்டிப்பாலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பட்டையில் ஓர் எச்சரிக்கை: இங்கே கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இந்தோனேசிய வகை. அதில் கூமரின் அதிகம், இலங்கைப் பட்டையில் மிகக் குறைவு. பிரியாணிக்கு ஒரு துண்டு போடுங்கள், தாராளமாக. தேக்கரண்டி தேக்கரண்டியாகத் தினமும் கரைத்துக் குடிக்கிறவர்கள் ஈரலை நினைத்துக்கொள்ளுங்கள். கிராம்பும் பூண்டும் என்னை மன்னிக்கட்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்கோ மருந்துக் கடைக்கோ போகும்போது, சாப்பிடும் மாத்திரைகளோடு அந்த மஞ்சள் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். “இது வெறும் மூலிகைதான்” என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ராத்திரிக்கு ரசம் வைக்கிறவர்கள் மிளகைத் தூளாக வாங்காமல் இடித்துப் போட்டுப் பாருங்கள், வாசனைக்காகவாவது.